கூண்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள்

என் பெரியம்மா இதுவரை அறுபத்திரண்டு துப்பறியும் நாவல்கள் எழுதியிருக்கிறாள். எல்லாவற்றின் அட்டையிலும் ஓர் ஆணின் பெயர்தான் இருக்கும். "பொம்பள பேரு போட்டா குடும்பக் கதைன்னு நெனச்சு வாங்கிடுவாங்கம்மா. மூணாம் பக்கத்துல பொணத்தப் பாத்தா நம்மள வையுவாங்க" என்று பதிப்பாளர் சொன்னாராம். பெரியம்மா மறுபேச்சு பேசவில்லை. முதல் நாவல் வெளிவந்தபோது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன்னால் அவள் பார்த்த வேலைகள் எல்லாமே அடுத்தவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற வேலைகள்.

இருபது வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள். ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு ஜனங்கள் மணிக்கணக்கில் காத்திருந்த காலம். நீளமான ஒரு கூடத்தில் பதினாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போர்டின் துளைகளில் ஒயர் ஒயராகச் செருகிக்கொண்டிருப்பார்கள். சூப்பர்வைசர் அம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டார்: "லைன் சேந்துச்சான்னு பாக்கத்தான் காது. என்ன பேசினாங்கன்னு கேக்க இல்ல."

ஆனால் காதுக்குக் கதவா இருக்கிறது? ஓர் ஆள் தினமும் காலை பத்தரைக்கு ஒரே எண்ணைப் பதிவு செய்வார். தினமும் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. "பதில் இல்லீங்க" என்று பெரியம்மா சொல்வாள். "சரிம்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்பார் அவர். ஒருநாள் அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். "அவங்க தவறிப்போயி ஆறு மாசம் ஆச்சே, உங்களுக்கு யாரும் சொல்லலையா? நாங்க புதுசா குடி வந்திருக்கோம்" என்றது ஒரு குரல். அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் பத்தரைக்கு அதே எண்ணைப் பதிவு செய்தார். பெரியம்மா மூன்று நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, "பதில் இல்லீங்க" என்றாள். மணி அடித்தே பார்க்கவில்லை. அவள் வேலையில் செய்த ஒரே முறைகேடு அதுதான் என்பாள்.

ஏழு வருடம் கழித்துத் தானியங்கி இயந்திரம் வந்தது. பதினாறு பேரில் மூன்று பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியம்மா டைப்பிங் கற்றுக்கொண்டு நீதிமன்றத்தில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள்.

அங்கே அவள் இடம் சாட்சிக் கூண்டுக்குக் கீழே, நீதிபதியின் மேஜைக்குப் பக்கவாட்டில் இருந்தது. சாட்சி சொல்வதை நீதிபதி தம் வாயால் திருத்தமாகத் திருப்பிச் சொல்வார். அதை அவள் கார்பன் வைத்து நாலு பிரதி அடிக்க வேண்டும். அழுகை, இருமல், யோசனை எதுவும் ஏட்டில் வராது. "தலைய நிமிராம நாலு வருஷம் அடிச்சேன். சாட்சிகளோட செருப்பப் பாத்தே ஆளச் சொல்லிடுவேன்" என்று சிரிப்பாள்.

நாலாவது வருடம் அந்த வழக்கு வந்தது. துணிக் கிடங்கு ஒன்று தீப்பிடித்து, உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் இறந்துபோனாள். கிடங்கின் வாட்ச்மேன் தீ வைத்ததாக வழக்கு. முதலாளியோடு முந்தின வாரம் அவனுக்கு வாய்த்தகராறு நடந்திருந்தது. தீ பிடித்தபோது முன்வாசலில் உட்கார்ந்திருந்தேன், பின்பக்கம் போகவே இல்லை என்று அவன் சொன்னான். அவன் அங்கே இருந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அரசுத் தரப்பில் ஒரே ஒரு சாட்சி, எதிர்த்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். வாட்ச்மேன் கிடங்கின் பின்கதவு வழியாக ஓடியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

"மணி என்ன இருக்கும்?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"சாயங்காலம் அஞ்சு பத்துங்க."

"அவ்வளவு சரியா எப்படிச் சொல்றீங்க?"

"மார்க்கெட் மணிக்கூண்டு எங்க கடைக்கு நேரா தெரியும். அத நிமிந்து பாத்தேன்."

பெரியம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன.

இரண்டு மாதம் முன்னால் அவள் ஒரு பஸ் விபத்து வழக்கில் டைப் அடித்திருந்தாள். அதில் டிரைவர், மார்க்கெட் மணிக்கூண்டைப் பார்த்துத்தான் நேரம் தெரிந்துகொண்டதாகச் சொல்லியிருந்தார். நகராட்சி மெக்கானிக் வந்து சாட்சிக் கூண்டில் ஏறி அதைப் பொய் என்று காட்டினார். விபத்து நடந்த மாதம் முழுக்கக் கடிகாரத்தின் இரண்டு முள்ளையும் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தோம், முகப்பு மொட்டையாகத்தான் இருந்தது என்றார் மெக்கானிக். 'முள்' என்பதை அவள் 'முல்' என்று அடித்து, நீதிபதி ஒரு பக்கத்தையே திரும்ப அடிக்கச் சொன்னதால் அது அவளுக்கு மறக்கவில்லை. கிடங்கு எரிந்ததும் அதே மாதத்தில்தான்.

"என்னம்மா, ரிப்பன் தீந்துடுச்சா?" என்று மேலிருந்து நீதிபதி கேட்டார்.

"இல்லைங்க ஐயா."

"அப்ப அடிங்க."

அவள் அடித்தாள். மார்க்கெட் மணிக்கூண்டில் மணி ஐந்து பத்து என்று பார்த்ததாக நாலு பிரதி.

மதிய இடைவேளையில் பெஞ்சு கிளார்க்கிடம் போய்ச் சொன்னாள். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. "சொல்றது நெசமா பொய்யான்னு பாக்க மேல ஒருத்தர் உக்காந்திருக்காரு. நீ எழுத்துப்பிழை இல்லாம பாத்துக்கோ. டெம்பரவரி வேலை வேற" என்றார்.

அன்று மாலையே பெரியம்மா வாட்ச்மேனின் வக்கீலைத் தேடிப் போனாள். அரசாங்கம் ஏழைகளுக்கு இலவசமாக ஏற்பாடு செய்கிற வக்கீல். கக்கத்தில் ஒன்பது வழக்குக் கட்டுகளோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அம்மா, நீங்க தெய்வம்" என்றார். மறுநாளே பாத்திரக்கடைக்காரரை மறுபடி கூண்டில் ஏற்றிக் கேட்க மனுப் போட்டார். போட்டவர், இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அரசு வக்கீல் கேட்டதற்கு, யோசிக்காமல் கையை நீட்டிப் பெரியம்மாவைக் காட்டிவிட்டார்.

கோர்ட்டே அவளைப் பார்த்தது. நாலு வருடத்தில் முதல் தடவையாக நீதிபதியும் அவள் முகத்தைப் பார்த்தார்.

"சாட்சி சொல்றவங்க கூண்டுல நிப்பாங்க. டைப் அடிக்கிறவங்க உக்காந்து டைப் அடிப்பாங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க" என்றார் வக்கீலிடம்.

மனு தள்ளுபடி ஆனது. சாட்சி எதைப் பார்த்து மணி தெரிந்துகொண்டார் என்பது சிறிய முரண்பாடுதான், அதனால் அவர் கண்ணால் கண்டதே பொய்யாகிவிடாது என்று நீதிபதி உத்தரவு சொன்னார். அந்த உத்தரவையும் பெரியம்மாதான் அடித்தாள். இருபது நாள் கழித்துத் தீர்ப்பையும் அவளே அடித்தாள். ஆயுள் தண்டனை. வாட்ச்மேனின் மனைவி எட்டு வயதுப் பெண்ணோடு கடைசி பெஞ்சில் இருந்தாள். தீர்ப்பு அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "எப்ப விடுவாங்களாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசியில் பெரியம்மாவின் தற்காலிக வேலை நீட்டிக்கப்படவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு அப்படியே நின்றுவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டாள். "ஏழை சொல் அம்பலம் ஏறாதுன்னு தெரிஞ்சும் ஏன்க்கா போய்த் தலையக் குடுத்த?" என்று என் அம்மா கேட்டாளாம். பெரியம்மா தலையைக் கொடுத்ததாக நினைக்கவில்லை. கொடுக்கவே இல்லை என்பதுதான் அவள் வருத்தம். வாட்ச்மேன் குற்றமற்றவன் என்று அவள் ஒருநாளும் சத்தியம் செய்ததில்லை. சாட்சி பொய் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் போனது ஊமை கண்ட கனவுபோல உள்ளேயே கிடந்தது.

அப்புறம் ஒன்பது வருடம் இன்ஷூரன்ஸ் கோரிக்கைகளைச் சரிபார்த்துத் தருகிற ஒரு தனியார் அலுவலகத்தில் இருந்தாள். அலுவலகம் என்றால் மாடிப்படிக்கு அடியில் இரண்டு மேஜை. முதலாளியும் இவளும்தான். கைப்பையில் படிவங்களைத் திணித்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். மாடியிலிருந்து விழுந்தவர்கள், திருட்டுப்போன வண்டிகள், எரிந்துபோன கடைகள். நேரத்தைக் கச்சிதமாகச் சொல்கிறவர்களைத் திரும்ப ஒருமுறை விசாரிப்பாள். "உண்மையா அடிபட்டவன், வெயில் தாழ்ந்திருக்கும், பசிச்சுதுன்னுதான் சொல்லுவான். மணி சொல்றவனுக்குத்தான் மணி தேவைப்படுது" என்பாள். அவள் எழுதிக்கொடுத்ததை முதலாளி மேலே அனுப்புவார். மேலே அவர்கள் என்ன முடிவு செய்தார்கள் என்று ஒருநாளும் தகவல் வராது. உண்மை பேசிய விதவைக்குக் கிடைத்ததா, பொய் சொன்ன கடைக்காரருக்குக் கிடைத்ததா, எதுவும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் துணிக் கிடங்கின் கோப்பு கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்த்தாள். அது வேறொரு கம்பெனி, நமக்குச் சம்பந்தமில்லை என்றார் முதலாளி.

நாற்பத்தொரு வயதில் அந்த வேலையும் போனது. இந்தத் தடவை அவளே விட்டாள். தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது.

தாத்தா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பறியும் கதைப் பைத்தியம். வாடகை நூலகத்தில் எடுத்துவந்து படித்துவிட்டு, "இந்த விஷத்துக்கு இந்த வாசனையே கெடையாது. எழுதினவன் பாட்டிலத் தொறந்துகூடப் பாத்ததில்ல" என்று கத்துவார். இப்போது பேச்சு போய்விட்டது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இடது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் சொன்னபடி கேட்டது. கல்யாணம் ஆகி வேறு வீட்டில் இருந்த என் அம்மா வாரத்துக்கு இரண்டு நாள் வருவாள். மற்றபடி பெரியம்மாதான் எல்லாம். குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, மதியத்தில் கதை படித்துக் காட்டுவாள். குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டால் தாத்தா விரலைத் தூக்குவார். பாதிக்கு மேல் போகவிடமாட்டார்.

எட்டு மாதத்தில் நூலகத்து அலமாரி தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு மதியம் பெரியம்மா, "சரிப்பா, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்று அந்தக் கிடங்கு வழக்கைச் சொன்னாள். மூட்டை கட்டிய பெண், பாத்திரக்கடைக்காரர், முள் இல்லாத கடிகாரம் எல்லாம் சொன்னாள். தான் அங்கே உட்கார்ந்திருந்ததை மட்டும் சொல்லவில்லை. தாத்தா கண்ணை மூடாமல் கேட்டார். தீர்ப்போடு அவள் நிறுத்தினாள். விரல் எழவில்லை. அவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"யாருன்னு எனக்கும் தெரியாதுப்பா. அவ்வளவுதான் கதை."

தாத்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மாலை ஊட்டியதை வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் பெரியம்மா அதே கதையை வேறு மாதிரி சொன்னாள். சாட்சி ஐந்து பத்து என்று சொன்னதும் டைப்பிஸ்ட் பெண் மெஷினைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறாள். "ஐயா, அந்தக் கடிகாரத்துல முள்ளே கெடையாது" என்கிறாள். கோர்ட் அதிர்கிறது. அதன்பிறகு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்து, முதலாளியின் பங்காளி மாட்டுகிறான். முக்கால் கதையிலேயே விரல் எழுந்துவிட்டது. அதற்கப்புறம் தினமும் மதியம் அவள் சொன்னது, மாலையில் தாளில் ஏறியது. என் அம்மாதான் அதை எடுத்துக்கொண்டுபோய் மாத நாவல் பதிப்பாளரிடம் கொடுத்தாள். கைவிலங்கோடு குற்றவாளி போகிற முடிவு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாவல் அச்சாகி வருவதற்குப் பதினோரு நாள் முன்னால் தாத்தா போய்விட்டார்.

அதிலிருந்து மாதம் ஒரு கதை எழுத ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும் பஸ் நிலையக் கடைகளிலும் அவள் கதைகள் தொங்கின. எல்லாவற்றிலும் குற்றவாளி மாட்டினான்.

நாலு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பெண் வந்தாள். வயது இருபத்து நாலு இருக்கும். கூடவே ஒல்லியான, முன்பல் இல்லாத ஒரு மனிதர். நான் கல்லூரி விடுமுறையில் அங்கே இருந்தேன். பதிப்பாளரிடம் முகவரி வாங்கி வந்ததாகச் சொன்னாள். கையில் அந்த முதல் நாவல் இருந்தது.

"மணிக்கூண்டுல முள் இல்லன்னு வக்கீல்கிட்ட ஒரு டைப்பிஸ்ட் சொன்னதா எங்கம்மா சொல்லும். நீங்களா அது?"

பெரியம்மா அந்த மனிதரைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாளோ என்னவோ. "நாந்தான்மா. ஒக்காருங்க" என்றாள்.

வாட்ச்மேன் விடுதலையாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு வந்திருந்தார். மனைவி மூன்று வருடம் முன்னாலேயே இறந்துவிட்டாள். மகள் ஒரு தையல் கம்பெனியில் காலர் தைக்கிறாள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவள் தொடவில்லை.

"கதையில அந்தப் பொண்ணு எந்திரிச்சு நிக்குதுல்ல, அந்தப் பக்கத்த எங்கப்பாவுக்கு நான் மூணு தடவ படிச்சேன்" என்றாள். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க எந்திரிச்சீங்களா?"

"இல்லம்மா."

"வக்கீல் கையக் காட்டினாரே, அப்பவாவது?"

"அப்பவும் எந்திரிக்கல."

"எந்திரிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?"

வேலை போயிருக்கும், அது எப்படியும் போய்விட்டது. அந்தப் பெண் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக, விவரம் கேட்கிறவள்போலத்தான் கேட்டாள்.

"விடு பாப்பா. அவங்களாவது வக்கீல்கிட்டப் போனாங்க" என்றார் வாட்ச்மேன். பிறகு பெரியம்மாவிடம் திரும்பி, "கதையில அந்த ஆளு வெளிய வந்ததும் என்ன பண்றாரும்மா?" என்று கேட்டார்.

"அதோட கதை முடிஞ்சுடுதுங்க."

"ஆமா. பாப்பாவும் அதான் சொல்லுச்சு." சிரிக்கப் பார்த்தார். "எனக்கும் அதுக்கு மேல தெரியலம்மா. யாரும் வேலைக்கு வெக்க மாட்டேங்கறாங்க. தீ வெச்சவன்னு தெரிஞ்சா யாரு கதவோரம் நிக்க வெப்பாங்க? நான் வெக்கலன்னு எங்கயாச்சும் ஒரு பேப்பர்ல எழுதித் தருவாங்களா? அதக் கேக்கத்தான் வந்தோம். நீங்க கோர்ட்டுல இருந்தவங்க."

பெரியம்மா பழைய வக்கீலைத் தேடினாள். அவர் தொழிலை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போயிருந்தார். வேறொரு வக்கீலிடம் கேட்டாள். புதிய ஆதாரம் ஏதாவது எழுத்தில் இருந்தால் மேலே கேட்டுப் பார்க்கலாம் என்றார் அவர். எழுத்தில் இருந்தது. இவள் கையாலேயே அடித்த எழுத்து. அந்த விபத்து வழக்கின் மெக்கானிக் சாட்சியம்.

வாட்ச்மேனை அழைத்துக்கொண்டு நீதிமன்ற ஆவணக் காப்பறைக்குப் போனாள். இத்தனை வருடம் கழித்து அந்தக் கட்டடத்துக்குள் அன்றுதான் கால் வைத்தாள். கவுன்டருக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். பதிவேட்டைப் புரட்டி விரலை ஓட்டினார்.

"விபத்து நஷ்டஈட்டு வழக்கு சாட்சி ஏடெல்லாம் இவ்வளவு நாள் வெக்க மாட்டோம்மா. அழிச்சு ஏழு வருஷம் ஆச்சு. இங்க பாருங்க, முத்திரை."

"ஒரு பிரதிகூடவா இல்ல? நாலு அடிச்சேனே தம்பி."

"நாலும்தான்மா."

"சரி, இவரு வழக்குல?"

"தீர்ப்பு இருக்கு. அது வேணும்னா நகல் தரலாம்."

அந்தத் தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாட்ச்மேன் கவுன்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு, "நான் பண்ணலன்னு ஒரு பேப்பர் சார்" என்றார். அந்த இளைஞர் சங்கடத்தோடு எழுந்து நின்றார். "அந்த மாதிரி ஃபாரம் எங்ககிட்ட இல்லீங்க ஐயா. தண்டனை முடிஞ்சுதுன்னு சிறையில குடுத்திருப்பாங்களே, அதுதான் இருக்கும்" என்றார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மார்க்கெட் மணிக்கூண்டு தெரிந்தும் இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை என்றாள் பெரியம்மா. பஸ் வந்ததும் வாட்ச்மேன், "நீங்க ஏறுங்கம்மா, நான் நடந்துக்கறேன்" என்று கிளம்பினார். பஸ்ஸில் ஏறியவள் இறங்கிப் போய்க் கூட நடந்தாள். அவர்தான் பேசினார். சிறையில் தோட்ட வேலை பழகியதையும் கத்தரிச் செடிக்குப் பூச்சி வராமல் பார்த்துக்கொள்வதையும் சொல்லிக்கொண்டே வந்தார். நர்சரி ஒன்றில் கேட்டுப் பார்ப்பதாகப் பெரியம்மா சொன்னாள். கேட்டாள். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். கடைசி வரைக்கும் சொல்லவில்லை. பிறகு மகள் வேலை பார்த்த கம்பெனியைப் பக்கத்து ஊருக்கு மாற்றியபோது அவரும் கூடப் போய்விட்டார்.

அந்த மாதம் பெரியம்மா கதை கொடுக்கவில்லை. பதிப்பாளர் ஆள் அனுப்பினார், அவரே நேரிலும் வந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் ஒரு கதை கொடுத்தாள். மாடியிலிருந்து தள்ளிவிடப்பட்ட ஒரு பல் டாக்டர், பொய் சொல்கிற ஒரு மருமகன். நன்றாகத்தான் ஓடியது. நான் படித்துவிட்டு, "மருமகன்தான்னு இருபதாம் பக்கத்துலயே தெரிஞ்சுடுச்சு பெரியம்மா" என்றேன்.

"தெரியட்டுமே. தெரிஞ்சா ஏதாவது பண்ண முடியுதுல்ல, கதையில" என்று சொல்லிவிட்டு, மெஷினில் அடுத்த தாளைச் செருகினாள்.